கடைசி மேசையின் பெயர்

சித்தப்பா தன் பழைய மேசைக் கணினியை என்னிடம் ஒப்படைத்தபோது நற்சான்றும் சேர்த்தே கொடுத்தார். "அந்தக் காலத்துச் சரக்கும்மா இது. சைனா கெடையாது. பதினஞ்சு வருஷம் ஓடியிருக்கு பாரு. கழட்டிப் பாத்து ஏதாச்சும் தேறுச்சுன்னா எடுத்துக்க. ஆனா எனக்குப் புதுசு வாங்குறப்போ சைனா செட்டு மட்டும் வேணாம். பின்னாடி என்ன போட்டிருக்குன்னு பாத்துட்டு வாங்கு."

"சரி சித்தப்பா, பாத்தே வாங்குறேன்" என்றேன். அந்த ஒரு வாக்குதான் என்னை இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது.

பெட்டியின் பின்புறம் வெள்ளி நிற ஸ்டிக்கர் ஒன்று. மலேசியாவில் பொருத்தப்பட்டது என்று போட்டிருந்தது. சித்தப்பா சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டு பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். பதினைந்து வருடத் தூசியைத் தட்டிவிட்டு ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மேசையில் பரப்பினேன். பவர் சப்ளை சீனா. காற்றாடி சீனா. மதர்போர்டின் ஓரத்தில் பொடி எழுத்தில் சீனா. நினைவக அட்டை கொரியா. டிவிடி டிரைவ் பிலிப்பைன்ஸ். ஹார்டு டிஸ்க் தாய்லாந்து. கடைசியாக பிராசஸர். அதன் தலையில் தெர்மல் பேஸ்ட் காய்ந்து, சாம்பல் நிறத்தில் பொருக்குத் தட்டியிருந்தது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு வட்டம் வட்டமாகத் துடைக்கத் துடைக்க, உலோகத் தகட்டில் பொறித்த எழுத்துகள் மேலே வந்தன. இன்டெல் என்ற பெயர், ஒரு மாதிரி எண், அதற்குக் கீழே ஆங்கிலத்தில் ‘மலாய்’.

அன்றிரவே சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். "உங்க கம்ப்யூட்டர்ல பாதிக்கு மேல சைனாதான் சித்தப்பா."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு சொன்னார்: "அப்போ அது நல்ல சைனாவா இருந்திருக்கும்மா."

அவர் சொன்னதை நான் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. தரத்தைப் பற்றி மட்டும் பேசுவதென்றால் அதைவிடச் சரியான பதில் கிடையாது. ஆலையிடம் எந்த அளவுக்குத் துல்லியம் கேட்கிறோம், அதற்கு எவ்வளவு கொடுக்கிறோம், வந்த சரக்கை யார் சோதிக்கிறார்கள் என்பவைதான் தரத்தைத் தீர்மானிக்கின்றன. ஒரே நகரத்தில், ஏன், ஒரே ஆலையில்கூட ஒரு வரிசையில் பத்து வருடம் உழைக்கும் பொருளும் அடுத்த வரிசையில் பத்து மாதத்தில் சாகும் பொருளும் தயாராகலாம். 2016-ல் சாம்சங் நோட் 7 போன்கள் தீப்பிடித்தபோது முதலில் ஏறக்குறைய 25 லட்சம் போன்களைத் திரும்பப் பெற அறிவித்தார்கள். பேட்டரி இரண்டு நிறுவனங்களிடமிருந்து வந்திருந்தது. ஒன்று சாம்சங்கின் சொந்தக் குழும நிறுவனம். இன்னொன்று சீனாவில் ஆலைகள் வைத்திருக்கும், ஜப்பானிய உடைமையில் உள்ள நிறுவனம். முதல் பேட்டரியை ஒதுக்கிவிட்டு இரண்டாவதைப் போட்டுக் கொடுத்தார்கள், அதுவும் எரிந்தது. முதலாவதில் மூலை நெருக்கிக்கொண்டு உள்தகடு மடங்கியது. இரண்டாவதில் பற்றவைப்பின் பிசிறு குத்தியது. காரணம் வேறு வேறு, நாட்டின் பெயர் இரண்டையும் விளக்காது.

நாட்டின் பெயரை எழுதச் சொன்ன கதையும் சுவையானது. 1887-ல் பிரிட்டன் ஒரு வணிகக் குறிச் சட்டம் கொண்டுவந்தது. மலிவான ஜெர்மன் சரக்கு பிரிட்டிஷ் சரக்கு என்ற போர்வையில் விற்கிறது, மக்கள் ஏமாறக்கூடாது என்பது அப்போதைய முறையீடு. ஆக, ‘ஜெர்மனியில் தயாரானது’ என்பது வாங்குபவரை எச்சரிக்க ஒட்டவைத்த முத்திரை. சில பத்தாண்டுகளில் அதே வாசகத்தைத் தேடிப்பிடித்து வாங்க ஆரம்பித்தார்கள். போருக்குப் பிந்தைய ஜப்பானுக்கும் இதுவே நடந்தது. தரத்தைப் பற்றிய பயம் நாட்டுக்கு நாடு இடம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது, இன்னும் மாறும். அதைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை.

என் தூக்கத்தைக் கெடுத்தது அந்த ‘மலாய்’தான்.

சிப்பின் உள்ளே இருக்கும் சிலிக்கான் துண்டு அமெரிக்காவிலோ அயர்லாந்திலோ இஸ்ரேலிலோ உருவாகியிருக்கும். அதை உறையில் பொருத்திச் சோதிக்கிற வேலை மலேசியாவில் நடந்திருக்கிறது. ஏன் அவ்வளவு தூரம்? 1960-களின் தொடக்கத்தில் சிலிக்கானில் சுற்றுகளைப் பதிக்கும் வேலை ஓரளவு இயந்திரமயமாகிவிட்டது. ஆனால் அந்தத் துண்டிலிருந்து வெளிக்கால்களுக்கு முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை இழுத்து இணைப்பதற்கு மட்டும் மனிதக் கை வேண்டியிருந்தது. நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்தபடி மணிக்கணக்கில் உட்கார வேண்டிய வேலை. அமெரிக்கச் சிப் நிறுவனமான ஃபேர்சைல்டு 1963-ல் அந்த வேலையை ஹாங்காங்குக்கு அனுப்பியது. அமெரிக்கக் கூலியில் பத்தில் ஒரு பங்குக்கு ஆள் கிடைத்தது. சிப்புகள் விமானத்தில் போய் விமானத்தில் திரும்பின, அப்போதும் லாபம். மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். 1972-ல் மலேசியாவின் பினாங்கில் உள்ள பாயான் லெபாஸ் சுதந்திர வணிக மண்டலத்துக்கு இன்டெல் வந்தது. அந்தக் காலத்தில் மலேசிய அரசு அயல்நாட்டு முதலீட்டாளர்களுக்காக அச்சிட்ட ஒரு விளம்பரக் கையேடு, கீழை நாட்டுப் பெண்ணின் கைத்திறன் உலகப் புகழ் பெற்றது, அவள் கைகள் சிறியவை, மிகுந்த கவனத்தோடு விரைந்து வேலை செய்வாள் என்று சொன்னது. ஒரு நாட்டின் அரசு தன் மகள்களின் விரல் அளவைச் சொல்லி விலை பேசியிருக்கிறது. பதினாறு பதினேழு வயதில் வேலைக்குச் சேர்ந்த பெண்கள் பலர் சில வருடங்களில் கண் மங்கி, தலைவலியோடு வெளியே வந்தார்கள். என் மேசையில் இருக்கும் பிராசஸரில் தங்கக் கம்பி இல்லை. காலம் மாறி அந்த வேலை வேறு முறைக்குப் போய்விட்டது. ஆனால் அந்தப் பெயர் அந்தத் தகட்டில் இருப்பதற்குக் காரணம் அந்தப் பெண்கள்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அயல்நாட்டு ஆலைகளின் கேடுகளைப் பற்றிப் படிக்கிறபோது, வளர்ந்த நாட்டில் சுத்தமாக நடந்த தொழில் ஏழை நாட்டுக்குப் போய் அழுக்கானது என்ற எண்ணம் நமக்குள் உட்கார்ந்துவிடுகிறது. உண்மை வேறு. 1981-ன் கடைசியில், தெற்கு சான் ஹோசேயில் இருந்த ஃபேர்சைல்டு ஆலையின் நிலத்தடித் தொட்டியிலிருந்து கரைப்பான் கசிந்து குடிநீர்க் கிணற்றில் கலந்திருப்பது தெரியவந்தது. சிலிக்கான் பள்ளத்தாக்கு இருக்கும் சான்டா கிளாரா மாவட்டத்தில் மட்டும் 23 இடங்கள் அமெரிக்க அரசின் ‘சூப்பர்ஃபண்ட்’ நச்சு நிலப் பட்டியலில் ஏறின. அமெரிக்காவில் வேறெந்த மாவட்டத்திலும் இத்தனை இல்லை. பிறந்த வீட்டிலேயே அழுக்கோடு வளர்ந்த தொழில் இது. வெளியூருக்குப் போகும்போது அந்த அழுக்கையும் மூட்டை கட்டிக்கொண்டு போனது. அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனம் தைவானின் தாவ்யுவானில் ஆரம்பித்த ஆலை 1970 முதல் 1992 வரை தொலைக்காட்சிப் பாகங்கள் செய்தது. நிறுவனம் போன பிறகுதான் அங்கே நிலத்தடி நீர் கெட்டுக் கிடப்பது வெளியே வந்தது. அந்த ஆலையின் தொழிலாளிகள் புற்றுநோயோடு நீதிமன்றம் ஏறினார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு உச்ச நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பு சாதகமாக வந்தது 2018-ல். ஆலை மூடி கால் நூற்றாண்டுக்கும் மேல் ஆகியிருந்தது.

இனி நான் சொல்லப்போவது என்னால் மறக்க முடியாமல் போன விஷயம்.

தொடுதிரையைப் போனில் பொருத்துவதற்கு முன் அதைத் துடைக்க வேண்டும். ஒரு விரல் தடம், ஒரு தூசி இருந்தாலும் கழித்துப் போட்டுவிடுவார்கள். சீனாவின் சூச்சோவில், ஆப்பிளுக்குத் தொடுதிரை செய்துகொடுத்த, தைவானைச் சேர்ந்த வின்டெக் நிறுவனத்தின் ஆலையில் ஆல்கஹாலால்தான் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஆல்கஹால் காய்வதற்குச் சில நொடிகள் ஆகும். என்-ஹெக்சேன் என்ற கரைப்பான் அதைவிடச் சீக்கிரம் ஆவியாகிவிடும், கறையும் தங்காது. எனவே ஆல்கஹாலை நிறுத்திவிட்டு அதைக் கொடுத்தார்கள். ஒரு திரைக்குச் சில நொடி மிச்சம். ஒரு ஷிப்டுக்குக் கணக்குப் போட்டால் கூடுதலாகப் பல திரைகள். சீக்கிரம் ஆவியாகும் பொருள் எங்கே போகும்? துடைக்கிறவரின் மூச்சில் போகும். காற்றோட்டம் போதாத அறையில் மாதக்கணக்காக அதைச் சுவாசித்தவர்களுக்கு முதலில் விரல் நுனி மரத்தது. பிறகு கால்கள் தளர்ந்தன. படி ஏற முடியவில்லை, பிடித்த பொருள் கையிலிருந்து நழுவியது. நரம்பு கெட்டுவிட்டது. 137 பேர் பாதிக்கப்பட்டதை ஆப்பிள் 2011-ல் வெளியிட்ட தன் அறிக்கையிலேயே ஒப்புக்கொண்டது. இறுதிப் பொருத்தும் வேலையில் என்-ஹெக்சேனையும் பென்சீனையும் அந்த நிறுவனம் தடை செய்தது 2014-ல்.

இதைப் படித்த நாளிலிருந்து, போன் திரையைத் துணி ஓரத்தால் துடைக்கிறபோதெல்லாம் எனக்குக் கை ஒரு கணம் நிற்கிறது. என் கைக்கு வரும் முன்பே இதை ஒருவர் துடைத்திருக்கிறார். எதைக் கொண்டு துடைத்தார் என்று பெட்டியின் மேல் எங்கேயும் எழுதியிருக்காது. எந்த நாட்டில் என்பது மட்டும் எழுதியிருக்கும்.

அந்தப் பெயருக்கு எவ்வளவு கனம் இருக்கிறது என்று பார்க்கலாம். சுங்க விதிகள் பெரும்பாலும் கேட்பது, ஒரு பொருள் கடைசியாகக் கணிசமான மாற்றம் அடைந்த இடம் எது என்பதைத்தான். பாகங்கள் பல கடல்களைத் தாண்டி வந்து ஒரு மேசையில் சேர்ந்து பொருளாகின்றன. அந்தக் கடைசி மேசை இருக்கும் நாட்டின் பெயர்தான் பெரும்பாலும் பின்புறம் ஏறுகிறது. யூச்சிங் ஷிங், நீல் டெட்டர்ட் என்ற இரு பொருளியலாளர்கள் 2010-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். 2009-ன் ஐபோன் ஒன்றைச் செய்ய ஆன செலவு 178.96 டாலர். திரையும் நினைவகமும் ஜப்பானின் தோஷிபா, பிராசஸர் கொரியாவின் சாம்சங், அலைவாங்கிச் சிப்புகள் ஜெர்மனியின் இன்ஃபினியன். எல்லாவற்றையும் சேர்த்துப் பொருத்திய சீன உழைப்புக்கு விழுந்தது 6.50 டாலர். ஆனாலும் ஏற்றுமதிக் கணக்கில் அந்த 178.96 டாலரும் சீனாவின் பெயரில்தான் ஏறியது. நூறு ரூபாய்ப் பொருளில் மூன்றரை ரூபாய் வேலை செய்த மேசைக்கு நூறு ரூபாயின் பெயரும் பழியும்.

கூலியில் அது சிறியது. ஆனால் மனிதர்கள் கூட்டமாக இருப்பது அந்த மேசையில்தான். சிலிக்கான் ஆலைக்குள் போனால் இயந்திரங்களும் முகமூடி போட்ட சில ஆட்களும் தெரிவார்கள். பொருத்தும் ஆலை ஒரு ஊர். சீனாவின் செங்சோவில் இருக்கும், ஐபோன் பொருத்தும் ஃபாக்ஸ்கான் நிறுவனத்தின் ஆலையில் உச்ச காலத்தில் இரண்டு லட்சம் பேருக்கு மேல் வேலை பார்க்கிறார்கள். விடுதி, உணவுக்கூடம், பேருந்து எல்லாம் அதற்குள்ளேயே. வரிசையில் ஒருவருக்கு ஒரே ஒரு வேலை. கையில் மின் திருப்புளி, வரும் ஒவ்வொரு போனிலும் அதே இடத்தில் அதே திருகாணி, அடுத்தது வந்துவிடும். புது மாடல் வெளியாகும் மாதங்களில் ஓவர்டைம். சீனச் சட்டப்படி மாதத்துக்கு 36 மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம் கூடாது. 2012-ல் ஃபாக்ஸ்கானின் மூன்று ஆலைகளைத் தணிக்கை செய்த ஃபேர் லேபர் அசோசியேஷன் என்ற தொழிலாளர் உரிமைக் கண்காணிப்பு அமைப்பு, உச்ச காலத்தில் வாரம் 60 மணி நேரத்துக்கும் மேல் வேலை வாங்கியிருப்பதைக் கண்டது. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2010-ல், அந்த நிறுவனத்தின் சீன ஆலைகளில் அடுத்தடுத்து இளம் தொழிலாளிகள் தற்கொலை செய்துகொண்டார்கள். சம்பளம் உயர்ந்தது, கூடவே விடுதிக் கட்டடங்களைச் சுற்றி வலையும் கட்டினார்கள். அந்த வலையின் படத்தை நான் ஒரு தடவைக்கு மேல் பார்க்கவில்லை. 2011 மே மாதம் செங்டு ஆலையில், ஐபேட் உறையை மெருகேற்றும்போது பறந்த அலுமினியத் தூள் வெடித்துச் சிலர் இறந்தார்கள். நம் கையில் வழுவழுப்பாக இருக்கிற அந்த முதுகு, தேய்த்தெடுத்த தூள் போக வழியில்லாத ஓர் அறையில் வழுவழுப்பாக்கப்பட்டது.

அப்படியானால் சீனாவை விட்டுவிட்டால் சரியாகிவிடுமா? பலர் அப்படித்தான் நம்புகிறார்கள். சாம்சங் 2019-ல் சீனாவில் தன் கடைசிப் போன் ஆலையை மூடியது. வியட்நாமில் ஏற்கெனவே பெரிய ஆலைகள் ஓடிக்கொண்டிருந்தன. ஐபோன் பொருத்தும் வேலையில் ஒரு பங்கு இந்தியாவுக்கு வந்தது. 2020 டிசம்பரில் கர்நாடகத்தின் நரசாபுரா ஆலையில் பேசிய சம்பளம் வரவில்லை என்று காண்ட்ராக்ட் தொழிலாளர்கள் ஆலையையே அடித்து நொறுக்கினார்கள். அடுத்த டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண்கள், விடுதிச் சாப்பாடு நஞ்சாகிப் பலர் மருத்துவமனைக்குப் போனதும், நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை சில வாரம் மூடிக் கிடந்தது. அடுத்த வருடம் செங்சோவில் கொரோனா அடைப்புக்குப் பயந்து தொழிலாளிகள் வேலி ஏறிக் குதித்து ஊருக்கு நடந்தார்கள். ஒரு நாட்டில் ‘அயல்நாட்டு ஆலை’ என்று பேசுவது இன்னொரு நாட்டில் ‘எங்க பொண்ணு வேலை பாக்குற கம்பெனி’. இந்தச் சொல்லை எழுதும்போதெல்லாம் யாருக்கு அயல் என்ற கேள்வி என்னை விடுவதில்லை.

கொரியா என்று போட்டிருந்த நினைவக அட்டையைச் சித்தப்பாவிடம் காட்டியிருந்தால் முகம் மலர்ந்திருப்பார். பணக்கார நாடு, பெயர் பெற்ற சரக்கு. அந்த நாட்டில்தான் ஹ்வாங் யூ-மி என்ற பெண் 2003-ல் பள்ளி முடித்த கையோடு சாம்சங்கின் கிஹுங் சிப் ஆலையில் சேர்ந்தார். ரசாயனத் தொட்டியில் சிலிக்கான் வட்டுகளை முக்கி எடுக்கும் வேலை. இரண்டு வருடத்தில் ரத்தப் புற்றுநோய். 2007 மார்ச்சில், 22 வயதில், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் வழியில், அப்பா ஓட்டிக்கொண்டிருந்த டாக்சியின் பின்சீட்டிலேயே இறந்துபோனார். வேலைக்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்று சொன்ன நிறுவனத்தோடு அந்த டாக்சி ஓட்டுநர் பதினோரு வருடம் போராடினார். 2018 நவம்பரில் நிறுவனம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு இழப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டது.

வேலையைத் திரும்ப அமெரிக்காவுக்கே கொண்டுபோகிற முயற்சியும் நடந்தது. 2013-ல் மோட்டோரோலா தன் மோட்டோ எக்ஸ் போனை டெக்சஸின் ஃபோர்ட் வொர்த்தில் பொருத்தியது. மறுவருடமே அந்த ஆலை மூடியது. அதே சமயத்தில் ஆப்பிள் மேக் ப்ரோ கணினியை ஆஸ்டினில் பொருத்த முயன்றபோது வேலை தடுமாறியது ஒரு திருகாணியால். தேவையான அளவில் செய்துகொடுக்க அருகே கிடைத்த பட்டறையால் ஒரு நாளைக்கு அதிகபட்சம் 1,000 திருகாணிதான் செய்ய முடிந்தது. சீனாவின் ஷென்சென் நகரம் 1980-ல் சிறப்புப் பொருளாதார மண்டலமானதிலிருந்து முப்பது வருடமாக அங்கே கூடியது மலிவுக் கூலி மட்டும் இல்லை. திருகாணிக்காரர், அச்சு வார்ப்பவர், பசை விற்பவர் எல்லாரும் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கிறார்கள். ஸ்டிக்கரை மாற்றுவது சுலபம், அந்தக் கூட்டத்தை இடம் மாற்றுவது கடினம்.

இத்தனையும் பார்த்த பிறகு எனக்கு ஆத்திரம் வருவது ஒரு சின்னத் தொகையைப் பார்த்துத்தான். ஐபோன் 4-ஐ ஆராய்ந்தவர்கள், விற்பனை விலையில் சீனத் தொழிலாளர் கூலி 1.8 சதவீதம், ஆப்பிளின் லாபம் 58.5 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். அந்த 1.8 இரண்டு மடங்கானாலும் வாங்குபவருக்குத் தெரியாது, விற்பவருக்கும் வலிக்காது. நெதர்லாந்தின் ஃபேர்போன் நிறுவனம் சீனாவில்தான் போனைப் பொருத்துகிறது, அதை மறைப்பதும் இல்லை. அங்கே தொழிலாளி வாங்கும் கூலிக்கும் குடும்பம் நடத்தப் போதுமான கூலிக்கும் உள்ள இடைவெளியைக் கணக்கிட்டு, போன் ஒன்றுக்கு ஏறக்குறைய 2 டாலர் சேர்த்துக் கொடுக்கிறது. ஆல்கஹால் காயக் காத்திருக்கும் நொடிகளுக்கும், தூளை உறிஞ்சும் குழாய்க்கும் இப்படியே ஒரு விலை இருக்கும். அதுவும் இந்த அளவில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

சித்தப்பாவுக்காக ஒரு புதுக் கணினியைத் தேர்ந்து வைத்திருக்கிறேன். வாங்கும் முன் அந்த நிறுவனத்துக்கு எழுதினேன். இது எந்த ஆலையில் பொருத்தப்படுகிறது, அந்த ஆலையில் வாரத்துக்கு எத்தனை மணி நேர வேலை, துடைப்பதற்கு என்ன கரைப்பான் என்று மூன்றே கேள்வி. அபத்தமான கேள்விகள் இல்லை. ஆப்பிளே 2012-ல் தனக்குச் சரக்கு கொடுப்பவர்கள் 156 பேரின் பட்டியலை வெளியிட்டிருக்கிறது. நான்காம் நாள் பதில் வந்தது. தங்கள் ஆர்வத்துக்கு நன்றி, எங்களுக்கு வழங்குபவர்கள் அனைவரும் எங்கள் நடத்தை விதிகளைப் பின்பற்றுகிறார்கள், இந்த மாடல் வியட்நாமில் தயாரிக்கப்படுகிறது. முடிந்தது.

நாட்டின் பெயர் பெட்டியிலேயே இருக்கிறது, ஆலையின் பெயரைச் சொல்லுங்கள் என்று மறுபடி எழுதினேன்.

நேற்று சித்தப்பா கூப்பிட்டார். "என்னம்மா, பாத்தியா? பின்னாடி என்ன போட்டிருக்கு?"

"வியட்நாம்னு போட்டிருக்கு சித்தப்பா."

"அது பரவால்லையா?"

"தெரியல. கேட்டு எழுதியிருக்கேன். பதில் வரட்டும், வாங்குவோம்."

"சரிம்மா, எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல" என்றார்.